முதல் பாடம் எது என்று நாம் முடிவு செய்யவில்லை

இன்று காலை சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் நம் அலமாரியைத் திறந்தேன். வண்ணப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் கிராம்பு வாசம் வந்தது. மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

இந்தச் சிங்கப்பூர் ஈரத்துக்கு நீர்வண்ணக் கட்டிகளில் பூஞ்சை பூத்துவிடும் என்று ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் நீதான் இரண்டு கிராம்பு போட்டு வைத்தாய். முதல் வகுப்பில் ஒருவர் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "டீச்சர், பிரியாணி எப்போ?" என்று கேட்டார். கிராம்பு உண்மையிலேயே பூஞ்சையைத் தடுக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். கிராம்பு போடாத ஒரு பெட்டியையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் என்றேன். நீயும் முகத்தைச் சுளிக்காமல் ஒன்றை அப்படியே வைத்தாய். அதிலும் பூஞ்சை வரவில்லை. "பக்கத்துப் பெட்டி வாசம் பட்டிருக்கும் லா," என்றாய். என் வாழ்க்கையில் ஒரு சோதனையின் முடிவை இவ்வளவு கூசாமல் யாரும் விளக்கியதில்லை.

நீ போன பிறகு மூடிக் கிடந்த வகுப்பு இன்று மதியம் மீண்டும் தொடங்கியது. இதை எழுதும்போது அது முடிந்துவிட்டது. எப்படிப் போனது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். எந்தக் கதையானாலும் முடிவை முதலில் கேட்கும் கெட்ட பழக்கம் உனக்கு உண்டு. பத்து வாரப் பாடத்தில் எதை முதலில் வைப்பது என்பதை நாம் தீர்க்காமலே நீ போய்விட்டாய். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. வரையத் தெரிந்தவள் நீ. நான் பாடத்திட்டம் போடுகிறவள். நான் போய் முன்னால் நிற்காவிட்டால் அந்த அறையை உடற்பயிற்சி நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாக மன்றத்தில் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அறைக்கு அவர்களிடம் காத்திருப்போர் அதிகம்.

ஜூனியர் காலேஜில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நான் வேதியியல் படிக்கப் போனேன், நீ ஓவியம் படிக்கப் போனாய். நடுவில் பல வருடங்கள் பண்டிகை வாழ்த்தோடு சரி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடோக் சந்தையில், மீன் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் இறால் விலைக்குச் சண்டை போடும் குரலைக் கேட்டு அது நீதான் என்று கண்டுகொண்டேன். பள்ளி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாய்.

"இத்தனை வருஷமா பிள்ளைங்க படத்துக்கு மார்க் போட்டேன் டி. மார்க்கே இல்லாம யாராச்சும் வரையிறதை உட்கார்ந்து பார்க்கணும் போல இருக்கு."

பெரியவர்களுக்கு, தமிழில், சனிக்கிழமைகளில், பென்சிலே பிடித்திராதவர்களுக்கு ஒரு வகுப்பு. யோசனை உன்னுடையது. "நீ வரிசையா போட்டுக் குடு. நான் சொல்லிக் குடுக்கிறேன்," என்றாய். நான் பாலிடெக்னிக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்: எதற்கு முன் எது, எது தெரியாமல் எது தெரியாது. பொருள் வேதியியலானால் என்ன, ஓவியமானால் என்ன என்று நினைத்தேன்.

உணவங்காடி நிலையத்தில் அந்த மூலை மேசை உனக்கு நினைவிருக்கும். உன் தம்பியின் துணிக்கடையில் மிஞ்சிய பழைய நாட்காட்டியைக் கிழித்து, ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஒரு திறன் எழுதினோம். கோடு. வடிவம். அளவு. பொருள்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடம். ஒளியும் நிழலும். தூரம். வண்ணக் கலவை. தூரிகையின் ஈரம். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் ஓவியக் கலை. நான் அவற்றை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கினேன். கோடு முதலில், வண்ணம் கடைசிக்கு முன். எனக்குச் சர்க்கரையில்லாத கறுப்புக் கோப்பியும் உனக்கு இஞ்சித் தேநீரும் வாங்கிக்கொண்டு திரும்பினால், வண்ணம் முதலிடத்தில் இருக்கும்.

"நான் தொடலை லா. காத்து."

"காத்து கரெக்டா ஒரே தாளை மட்டும் தூக்கி முன்னால வச்சுதா?"

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு, உனக்குத்தான் தெரியலை."

நான் விடவில்லை. வண்ணத்தில் தொடங்கினால் பிழை எங்கே என்று தெரியாது. கோடு தப்பா, நிழல் தப்பா, வண்ணம் தப்பா என்று பிரிக்க முடியாது என்றேன். நீ தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாய்: "வாரம் பூரா வேலை பார்த்துட்டு வர்ற ஜனம். முதல் நாளே கோடு கோடா போடச் சொன்னா ரெண்டாவது வாரம் நீயும் நானும்தான் இருப்போம்."

"ரெண்டாவது வாரம் வராதவங்க முதல் வாரமும் வராம இருந்திருக்கலாம்."

"அடிப்பாவி. உன் ஸ்டூடன்ஸ் பாவம் லா."

மன்றத்துக்கு எழுத்தில் திட்டம் தேவைப்பட்டதால், எழுதியவள் நான் என்பதால், முதல் சுற்று என் வரிசையில் நடந்தது. நீ தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ரவுண்டு உனக்கு," என்று மட்டும் சொன்னாய்.

கோமதி அக்காவின் கோப்பை அந்தச் சுற்றில்தான். மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேலாங் கோவிலில் விசேஷ நாட்களில் கோலம் போடுகிறவர். மற்றவர்கள் பென்சிலை எலிவால் பிடிப்பதைப்போலப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரே இழுப்பில் கோடு போட்டார். கை நடுங்கவில்லை. தூக்கவில்லை. நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தால், மேசைமேல் இருந்த சாதாரணத் தேநீர்க் கோப்பை, தாளில் இரண்டு பக்கமும் காதோடு இருந்தது.

"ஐயோ, கை தானா போட்டிருச்சு டீச்சர்! இந்தப் பக்கம் ஒண்ணு போட்டா அந்தப் பக்கம் போடாம அதுக்கு மனசே வர மாட்டேங்குது."

அடுத்த நாற்காலியில் பிரகாஷ். கோயம்புத்தூரிலிருந்து வந்து வங்கி ஒன்றில் மென்பொருள் எழுதுகிற பையன். "அக்கா, ஃபுட்பால் கப் மாதிரி இருக்கு. யாரு ஜெயிச்சது?" என்றான்.

"நீ ஸ்கேல் வச்சு கப்பு வரைஞ்சியே தம்பி, அதுல காப்பி ஊத்தினா மூலையிலேயே தங்கிடும். முதல்ல அதைப் பாரு."

அறையே சிரித்தது. நான் அதற்குள் மனதில் ஒரு பயிற்சித் தாள் தயாரித்துவிட்டேன்: சமச்சீர் பழக்கத்தை உடைக்க, சமச்சீர் இல்லாத பொருள்கள், அடுத்த வாரம், இருபது நிமிடம். நீ ஒன்றும் தயாரிக்கவில்லை. மேசையிலிருந்த கோப்பையை எடுத்து அக்காவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"அக்கா, இதைப் பாருங்க, அதைப் பாருங்க. எது கூட, எது குறைச்சல்?"

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு காது கூட. அப்புறம்… என்னோடது குட்டையா இருக்கு. வாய் ரொம்ப அகலம்." அதுவரை யாரும் சொல்லாதது அது. அழிப்பானை நோக்கி அவர் கை போனது. நீ அதை எடுத்து உன் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

"அழிச்சிட்டா அப்புறம் எதை வச்சுப் பார்ப்பீங்க? அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல இன்னொண்ணு போடுங்க."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் பயிற்சித் தாளைப் பற்றிச் சொன்னேன். நல்ல யோசனை என்றாய். நீ அப்படிச் சொன்னால் அதைச் செய்யப்போவதில்லை என்று அர்த்தம்.

தீபாவளிக்கு முன் ஒரு நாள் உன் தம்பி கடைக்குப் போனோம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்குத் தோரணம், நடக்க இடமில்லை. என் அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவைக்கு ரவிக்கைத் துணி தேட வேண்டும். தம்பி பச்சையாக ஒரு குவியலைக் கொட்டினார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, தள்ளி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பொருத்தம் அப்படியே இருந்தது. நீ புடவையையும் துணியையும் அள்ளிக்கொண்டு கடை வாசலுக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். வெயிலில் விரித்ததும் என் பச்சை நீலத்துக்கு ஓடியது.

"உள்ள ஜோடி, வெளிய சண்டை," என்றாய்.

தம்பி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, நீ ஒவ்வொரு கஸ்டமரையும் இப்படி வாசலுக்குக் கூட்டிட்டுப் போனா, நான் பேசாம நடைபாதையிலேயே கடை போட்டுக்கிறேன்."

கடை உன் அப்பாவிடம் இருந்தபோது, சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அந்த வாசலுக்கும் கல்லாவுக்கும் இடையில் துணியோடு ஓடியதைப் பற்றி அப்போது சொன்னாய். கல்லூரியில் நிறச்சக்கரம், வெம்மை, தண்மை என்று பெயர்கள் கிடைத்தன. ஆனால் பார்க்கப் பழகியது இந்த வாசலில்தான் என்றாய். பிறகு கூட்டத்தின் நடுவில், ஒரு கையில் புடவை, ஒரு கையில் துணியோடு, எனக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டாய்.

"நம்ம எல்லாப் பாடமும் இதுதான் டி. எதுக்குப் பக்கத்துல எது. கோடுன்னா எதைவிட நீளம்? நிழல்னா எதைவிட இருட்டு? கலர்னா எதைவிடச் சூடு? வேற என்ன இருக்கு? இதைச் சொல்லிட்டா வரிசையே வேணாம்."

"எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல சொன்னா அது பாடத்திட்டம் இல்லை. நாட்காட்டித் தாள்ல முன்பக்கம் போடுற பொன்மொழி."

நீ சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை பூக்காரர் தொடுத்துக்கொண்டிருந்த மாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் பிடிவாதமாக முதலில் எடுத்த அதே பச்சையையே வாங்கினேன். கல்யாணத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். "சாயங்காலக் கல்யாணம், தப்பிச்சே," என்று பதில் வந்தது.

அடுத்த வருடம் உனக்கு உடம்பு முடியாமல் போனது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. நீயும் பேச விரும்பியதில்லை. உன்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் துஆ ஓதிய தண்ணீரும் கொண்டுவந்தார்கள். நான் நாட்காட்டித் தாள்களைக் கொண்டுவந்தேன். கட்டிலுக்குக் குறுக்கே வரும் சாப்பாட்டு மேசைமேல் அவற்றை விரித்து, புதிய சுற்றுக்கான வரிசையை அடுக்கிப் பார்ப்போம். உன் குரல் மெலிந்துபோயிருந்தது. உன் கை மட்டும் பழையபடி வண்ணத்தை முன்னுக்குத் தள்ளும்.

ஒரு மதியம் நான் முந்திக்கொண்டேன். நீ கேட்பதற்கு முன்பே வண்ணத்தை எடுத்து முதலிடத்தில் வைத்தேன். "சரி, உன் வழியிலேயே தொடங்கலாம். யோசிச்சுப் பார்த்தேன், நீ சொல்றதுல நியாயம் இருக்கு," என்றேன்.

நீ தாளைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அத்தனை வருடத்தில் உன் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"என்ன யோசிச்சே? சொல்லு, என்ன நியாயம்?"

நான் தாளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் போகப்போறேன்னு விட்டுக்குடுக்கிறியா? வர்றவங்க எல்லாம் நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டுப் போறாங்க. நீயுமா? சண்டை போடு டி."

வண்ணத்தை நீயே எடுத்துப் பின்னால் வீசினாய். பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது என் கண் கலங்கியிருந்ததை நீ பார்த்திருப்பாய். பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்த உதவிக்கு நான் நன்றி சொல்லவில்லை.

பிறகு நான் சண்டை போட்டேன். கோட்டை முதலில் வைத்தேன். பிழையைப் பிரித்தறிய முடியாத பாடம் பாடமே இல்லை என்றேன். வண்ணம் கண்ணை மயக்கும், மயங்கிய கண்ணால் எதையும் அளக்க முடியாது என்றேன். நீ, மயங்காத கண் எதற்காக அளக்க வேண்டும் என்று கேட்டாய். தாதி வந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க," என்று சொல்லும்வரை விடவில்லை. உன் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நான் கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"கிளாஸை மூடிடாத."

"எனக்கு வரையத் தெரியாது."

"தெரியும், பார்த்திருக்கேன். ஆனா எங்க தப்புன்னு உனக்குச் சட்டுன்னு தெரியுது. பிரகாஷைக் கேளு, எத்தனை தடவை அழுதிருக்கான்னு."

அந்த உரையாடலுக்குப் பிறகு தாள்களை விரிக்கும் நிலை வரவில்லை. உன்னை அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற அன்று, பெண்களோடு உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் தம்பி மனைவி எனக்குத் தேநீர் கொடுத்தார். இஞ்சி போட்டிருந்தது. குடித்தேன்.

இனி இன்றைய வகுப்பு.

கோட்டைத்தான் முதலில் வைத்தேன். நீ சண்டை போடச் சொன்னாய். போட்டவள் கடைசியில் மனம் மாறினால் அது உனக்குச் செய்யும் அவமானம் என்று பட்டது. கோமதி அக்கா வந்திருந்தார். பிரகாஷ் அளவுகோல் இல்லாமல் வந்திருந்தான். புதியவர்கள் சிலர், கதவருகிலேயே உட்கார்ந்துகொண்டார்கள், தப்பித்துப் போக வசதியாக. சுவரில் பெரிய தாளை ஒட்டி, மேசைமேல் கோப்பையை வைத்து, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நன்றாகவே விளக்கினேன். விளக்கம் எனக்கு வரும். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வரைந்து காட்ட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

வரைந்தேன். முதுகுக்குப் பின்னால் அறை அமைதியாகிக்கொண்டே போனது. திரும்பியபோது எல்லோர் முகத்திலும் ஒரே பரிவு. துக்க வீட்டில் காட்டும் பரிவு.

கோமதி அக்காதான் உடைத்தார். "மேடம், உங்க கப்பு சாயுது லா."

"குடிச்சிருக்கு அக்கா," என்றான் பிரகாஷ்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "எதைவிடச் சாயுது?" என்று கேட்டேன். உன்னை நினைத்துக்கொண்டு கேட்கவில்லை, நம்பு. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களைக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். ஆதாரம் இல்லாமல் யாரும் என் கோப்பையைப் பழிக்கக் கூடாது.

"ஜன்னல் சட்டத்தைவிட," என்றார் அக்கா.

"மேசை விளிம்பை வச்சுப் பார்த்தா அடி தூக்கியிருக்கு," என்றான் பிரகாஷ்.

கதவருகில் இருந்த ஒரு புதியவர், நகைக்கடையில் வேலை பார்க்கும் பெண், தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "காதுக்குள்ள தெரியிற ஓட்டை, நிஜத்துல இன்னும் ஒல்லியா இருக்கு மேடம்."

வெற்றிடம். என் வரிசையில் நான்காவது வாரம். அவள் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டாள்.

நான் முதல் கோப்பையை அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று போட்டேன். அது கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தது, ஆனால் வாய் கோணியது. அதையும் சொன்னார்கள். மூன்றாவதைப் போட்டேன். எப்போது அவர்கள் என்னை விட்டுவிட்டுத் தங்கள் தாள்களுக்குத் திரும்பினார்கள் என்று கவனிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் தாளை எட்டிப் பார்த்து, "உங்களது எதைவிட?" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்து நடன வகுப்புக்காரர் கதவைத் தட்டும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

இதனால் நீ சொன்னது சரியாகிவிடாது. ஒரு வகுப்பை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். ஒரு கேள்வியால் எல்லாத் திறனையும் தொட முடிகிறது என்பது வேறு, வரிசையே வேண்டாம் என்பது வேறு. கேள்வி ஒன்றாக இருந்தாலும் கண்ணுக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. நீளத்தை ஒப்பிடத் தெரியாதவரால் வெம்மையை ஒப்பிட முடியுமா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ரவிக்கைத் துணியை நீ மூன்று வயதிலேயே ஒப்பிட்டாய் என்று சொல்லாதே. நீ எல்லோரும் இல்லை.

பார்த்தாயா, தொடங்கிவிட்டேன்.

இதுதான் எனக்கு மிச்சம். அலமாரியின் சாவியும் வண்ணப் பெட்டிகளும் மன்றத்துக்குச் சொந்தம். உன் படங்கள் தம்பி வீட்டில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது பாதியில் நிற்கும் இந்தச் சண்டை. இன்று வீட்டுக்கு வரும் வழியில், சாலை கடக்கக் காத்திருந்தபோது, "அடுத்த வாரம் வடிவம்," என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உன் பக்கத்தையும் நானே பேசினேன், உள்ளுக்குள். "வேணாம் டி, கலர் குடு, அவங்க கண்ணு திறந்திருக்கு இப்போ." அதற்கு நான் பதில் சொன்னேன். அதற்கு நீ. வீட்டுப் படி ஏறுவதற்குள் நான் ஜெயித்துவிட்டேன்.

அதில்தான் எனக்குச் சந்தேகம். உன்னோடு பேசி நான் இவ்வளவு சீக்கிரம் ஜெயித்ததே இல்லை. உனக்கென்று நான் கொடுக்கும் வாதங்கள் வலுவில்லாதவை; எனக்கு வசதியானவை. அது நீ இல்லை. ஆகவே இப்போது உட்கார்ந்து உன் பக்கத்துக்கு நல்ல வாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு முறையாவது நான் உன்னிடம் தோற்க வேண்டும்.